நகலியல்: வளாகத் தேர்வுக்கு முந்தைய இரவு பற்றிய ஓர் ஆய்வு

கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முந்தைய நாள் மாலை, பொறியியல் கல்லூரி நூலகத்தில் மின்விசிறிகள் ஆளில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும். கேட்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையிலோ நிற்க இடம் இருக்காது. அறிவு தேடும் கூட்டம் ஏன் இப்படி ரோட்டைக் கடந்து இடம்பெயர்கிறது என்பதை அறிஞர் உலகம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே ‘நகலியல்’ என்னும் துறை இங்கே முன்மொழியப்படுகிறது.

நகலியலாவது: படிப்புக்கும் வேலைக்கும் நடுவே கிடக்கும் சில வாரங்களில், ஒரு மனிதப்பிறவி தன் சீனியரின் பிரதியாக மாறும் வழிமுறைகளைப் பற்றிய அறிவு. ஆய்வுக்களம், ஒரு விடுதி அறை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி: வேலை தேடும் இறுதியாண்டு மாணவர்கள் நால்வர், இன்டர்ன்ஷிப் தேடும் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், கறுப்பு ஷூ ஒரு ஜோடி. ஷூவின் அளவு எட்டு. கால்களின் அளவு ஆறில் தொடங்கிப் பத்தில் முடிந்தது.

முதலில் தகுதி. நோட்டீஸ் போர்டில் ஒட்டும் காகிதத்தில் இருக்கும் வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்: பத்தாம் வகுப்பில் 60 சதவீதம், பன்னிரண்டில் 60, பட்டப்படிப்பில் 60, அரியர் கூடாது, நடுவில் படிப்பு விட்டுப்போயிருக்கக் கூடாது. இதெல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனிகள் வந்தபின் வந்த வழக்கம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை உத்திரமேரூருக்கு பஸ் ஏற வேண்டும். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921ஆம் ஆண்டு வாக்கில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச்சபை வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதிகள் அதில் உள்ளன. வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. நிலம் அரைக்கால் வேலிதான் என்றாலும் வேதமும் அதன் பாஷ்யமும் கற்றிருந்தால் போதும். கட்-ஆஃப் தளர்வு என்பது இதுதான். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு வாய்ப்பில்லை. முன்பு இருந்து கணக்கு ஒப்படைக்காமல் போனவருக்கு இடமே இல்லை.

இந்தக் கடைசி விதியில் ஆய்வாளர் சற்று நேரம் நின்றுவிட்டார். அரியர் என்ற சொல்லுக்குப் பொருள் பாக்கி. கணக்கு காட்டாதவன் பாக்கிக்காரன். ஆக, ‘நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ்’ என்ற விதி ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமை உடையது. சோழர் காலத்து ஹெச்.ஆர். இன்னும் ஒரு படி மேலே போய், கணக்கு காட்டாதவருடைய உறவினர்களையும் வரிசையாகப் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. இன்றைய கம்பெனிகள் மாணவரின் அரியரை மட்டும் கேட்டுவிட்டு, தாய்மாமன் மகனின் அரியரைக் கேட்காமல் விடுவதை இந்த ஒளியில் பார்த்தால் பெருந்தன்மை என்றே சொல்ல வேண்டும். இத்தனை வடிகட்டலுக்குப் பிறகு உத்திரமேரூரில் என்ன செய்தார்கள்? பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஐந்து சுற்றுகள் கடந்து ஆறாவது சுற்றில் வெளியே வந்த மாணவர் எவரிடமாவது இந்தச் செய்தியைச் சொன்னால், அவர் வியப்படைய மாட்டார்.

அடுத்தது ரெஸ்யூம். பிரெஞ்சு மொழியில் இந்தச் சொல்லுக்குச் சுருக்கம் என்று பொருள். நம் விடுதிகளில் அது இரண்டரைப் பக்கம் வரும். இந்த இலக்கிய வகையின் முன்னோடி என்று வழக்கமாகக் காட்டப்படுபவர் லியானார்டோ டா வின்சி. 1482 வாக்கில், முப்பது வயதில், மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் பிரதி இன்றும் இருக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள் கட்டுவேன், கோட்டையை முற்றுகையிடத் தெரியும், பீரங்கி செய்வேன், மூடிய போர்வண்டி செய்வேன் என்று எண்ணிட்டு அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்கும் இடத்துக்கு எது வேண்டுமோ அதை முன்னால் போடும் சூட்சுமம் அன்றே இருந்திருக்கிறது. கடிதத்தின் வாலில்தான், அமைதிக் காலத்தில் கட்டடம் கட்டுவேன், சிற்பமும் ஓவியமும்கூட வரும் என்கிறார். நம் மாணவர்கள் ‘ஹாபீஸ்’ என்ற தலைப்பின் கீழ் ‘பாட்டுக் கேட்டல்’ என்று போடுகிறார்களே, அந்த இடத்தில் ஓவியம். பிற்பாடு அதே லுடோவிகோவுக்காக அவர் மிலானில் ஒரு சாப்பாட்டுக்கூடச் சுவரில் தீட்டியது ‘இறுதி இராவுணவு’.

நகலியலுக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கிடைத்திருக்கும் அந்தக் கடிதப் பிரதியில் உள்ள கையெழுத்து லியானார்டோவுடையது இல்லை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. எழுத்து நன்றாக உள்ள யாரிடமோ கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார். சீனியரிடம் டெம்ப்ளேட் வாங்கும் வழக்கத்துக்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

நாம் பார்த்த விடுதி அறையிலும் ஒரே ஃபைல்தான் பென் டிரைவில் சுற்றியது. அதன் மூலநூல் எந்த பேட்ச்சைச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சுவடிப் பதிப்பாளர்கள் பாடபேதங்களை வைத்து மூலத்தைக் கணிப்பதுபோல, பிழைகளை வைத்துத்தான் இதன் வம்சாவளியைக் கணிக்க முடிந்தது. ‘கம்யூனிகேஷன்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. நான்கு பிரதியிலும் அதே எழுத்து. தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம், ஜாவா என்று இருந்தது. முகத்தைக் கண்டு வருகைப் பதிவு செய்யும் புராஜெக்ட், ஐந்து நாள் இன்பிளான்ட் டிரெயினிங், ‘மேலே கண்டவை யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி. அந்த உறுதிமொழிக்குச் சற்று மேலே, தகப்பனார் பெயர் என்ற இடத்தில், ஒருவருடைய பிரதியில் சீனியரின் அப்பா பெயர் அப்படியே இருந்தது. இரவு பதினொன்றரைக்கு அதைக் கண்டுபிடித்தது மூன்றாமாண்டு மாணவர்தான்.

அச்சடிக்கும் தாளையும் விட்டுவிட முடியாது. ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். பாதியாக மடித்தால் அளவு குறையுமே தவிர, அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. இந்த விகிதத்தின் அழகை ஜெர்மானிய அறிஞர் லிஷ்டன்பெர்க் 1786இல் ஒரு கடிதத்தில் விளக்கினார்; 1922இல் ஜெர்மனி அதைத் தரமாக்கியது. தன்னையே நகலெடுத்துக்கொள்ளும் தாளில் நகல் விழுவது பொருத்தம்தானே.

இனி ஜெராக்ஸ் கடை. அதன் குலதெய்வம் செஸ்டர் கார்ல்சன். 1930இல் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் இயற்பியல் முடித்தார். அமெரிக்கா பெருமந்தத்தில் சிக்கியிருந்த நேரம். 82 கம்பெனிகளுக்கு எழுதிப்போட்டார். ஒன்றும் வேலை தரவில்லை. பின்னர் ஒருவழியாக வேலை கிடைத்து, காப்புரிமைத் துறையில் ஆவணங்களைக் கையாலும் தட்டச்சாலும் திரும்பத் திரும்பப் பிரதியெடுத்து அலுத்துப்போனவர், 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் மின்னேற்றத்தையும் பொடியையும் கொண்டு முதல் உலர்நகலை எடுத்துக் காட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1959இல் வந்த ஜெராக்ஸ் 914. மார்க்ஷீட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே பக்கத்தில் எடுக்கச் சொல்லித் தகராறு செய்யும் மாணவர் எவருக்கும், அந்த இயந்திரத்தை உலகுக்குத் தந்தவர் 82 இடங்களில் வேலை கேட்டுக் கிடைக்காதவர் என்பது தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. கடையில் அம்மன் படம் மாட்டியிருக்கிறது.

உடை பற்றிச் சுருக்கமாக. டை என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கூலிக்குப் போரிட்ட குரோஷிய வீரர்களின் கழுத்துத் துணியிலிருந்து வந்தது. சென்னைப் புழுக்கத்தில் அதைக் கட்டுகிறவர்களும் கிட்டத்தட்ட அதே மனநிலையில்தான் போகிறார்கள். விடுதிக்கு ஒருவருக்குத்தான் முடிச்சுப் போடத் தெரியும். மற்றவர்கள் அவர் போட்ட முடிச்சை அவிழ்க்காமல் தளர்த்தித் தலைவழியே கழற்றி, ஆண்டு முழுக்க ஆணியில் மாட்டி வைக்கிறார்கள்.

கடைசியாக வாய்மொழி. வள்ளுவர் அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும் வைத்தார்: முதலில் எதிரே இருப்பது யார் என்று அறி, பிறகு அஞ்சாதே. பயிற்சி வகுப்புகளில் இந்த வரிசை தலைகீழ். எதிரே யார் இருந்தாலும் ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்பதற்கு ஒரே விடைதான்: ஊர், அப்பா, அம்மா, என் பலம் கடின உழைப்பு, என் பலவீனம் எல்லாரையும் சீக்கிரம் நம்பிவிடுவது. குளியலறைக் கண்ணாடி முன் இது நான்கு குரல்களில் ஒப்பிக்கப்படுவதை ஆய்வாளர் கேட்டார். எல்லாரையும் சீக்கிரம் நம்பும் நான்கு பேர் ஒரே அறையில் இருந்தும், ஷூவைக் கட்டிலுக்கு அடியில் வைத்துப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

தேர்வு நாளில் ஷூவுக்குத் தனி அட்டவணை இருந்தது. முதலாமவர் பத்து மணிக்கு உள்ளே போனார். வெளியே வந்ததும் மாடிப்படிக்கு அடியில் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்தார். ஆறாம் நம்பர் காலுக்குப் பஞ்சு வைத்தார்கள். இப்படிக் கைமாறிக் கால்மாறி, மாலை நான்கு மணிக்கு இன்டர்ன்ஷிப் நேர்முகத்துக்குப் போன மூன்றாமாண்டு மாணவரிடம் வந்தது. அவர் கால் பத்து.

கதவிலிருந்து நாற்காலி வரை அவர் நடந்த நடையைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்தவர் சுயஅறிமுகத்தைக் கேட்கவில்லை. “கால்ல என்னப்பா, அடியா?” என்றார். இந்தக் கேள்விக்கு எந்தச் சீனியரின் ஃபைலிலும் பதில் இல்லை. “இல்ல சார், ஷூ எட்டு. எனக்குப் பத்து. இன்னிக்கு அஞ்சு பேருக்கும் இதுதான் சார்.”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“எங்க ரூம்ல ஒன்பது,” என்றார். “கழட்டிட்டு உக்காருப்பா.”