வைரத் தோடும் மாமியார் ராசியும்

கேள்வி: மகளுக்கு வைரத் தோடு வாங்க வேண்டும். ஆன்லைனிலா, சிதம்பரம் கடைவீதியிலா?
– ஒரு வாசகி, அண்ணாமலை நகர்

பதில்: 2008-ல் சென்னையில் ஆன்லைன் நகைக் கடையாகத் தொடங்கிய கேரட்லேனே பிறகு தெருவில் கடை போட்டுவிட்டது. காதில் வைத்துக் கண்ணாடி பார்க்காமல் நம்மவர்கள் பர்ஸைத் திறப்பார்களா? விலையை செல்போனில் ஒப்பிடுங்கள். பேரத்தைக் கடையில் நடத்துங்கள். 'பிடிக்காவிட்டால் ரிட்டர்ன்' என்பதும் புதுசில்லை. வைரம் ராசியா என்று வீட்டில் சில நாள் வைத்துப் பார்த்து, மாமியாருக்கு இருமல் வந்ததும் திருப்பிக் கொடுத்த பாட்டிகள் அன்றே உண்டு!

எங்கே வாங்கினாலும் ஜிஐஏ அல்லது ஐஜிஐ ஆய்வகத்தின் வைரச் சான்றிதழ் கேளுங்கள். கல்லின் விளிம்பில் லேசரில் எண் பொறித்திருந்தால், லென்ஸில் பார்த்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். இயற்கைக் கல்லா, லேபில் வளர்த்ததா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்குத்தான், வைரத்துக்கு அல்ல.