என் வாய் முகூர்த்தம்

கார் அழகு விஷயத்தில் நான் சொன்ன ஜோசியம் ஒன்றுகூடப் பலித்ததில்லை. எது நிற்கும் என்றேனோ அது சீக்கிரமே பழசாகிவிடும். எதைப் பார்த்துச் சிரித்தேனோ அதை ஊரே கொண்டாடும்.

முதல் பலி, அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த வண்டி. வரைந்தவர் ஜியோவானி மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையிலேயே தயாரானது. நாலு பக்கமும் தாராளமான கண்ணாடி, கூரையைத் தாங்க ஒல்லித் தூண்கள், ஹெட்லைட்டுக்கு மேல் புருவம். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமே மொத்தமாக எழுந்துகொள்ளும். எனக்கோ அது மானக்கேடு. அப்பா கல்லூரியில் விட வந்தால் தெருமுனையிலேயே இறங்கிக்கொள்வேன். “ஏன்டா, வண்டி கடிக்குதா?” என்பார். மாருதி 800 ஓடுகிற காலத்தில் இதையா வைத்துக்கொண்டிருப்பது என்று நச்சரித்தே விற்க வைத்தேன். இப்போது பழைய கார் கண்காட்சியில் ஹெரால்டு நின்றால் முண்டியடித்துப் போய்ப் படம் எடுப்பவன் நான்தான். “எங்க வீட்லயும் இருந்துச்சு” என்று பெருமை வேறு. அது எப்படிப் போனது என்பதை மட்டும் சொல்வதில்லை.

1991-ல் டாடா சியரா வந்தது. பின்பக்க ஜன்னல் கூரைவரை வளைந்து ஏறும், திறக்க முடியாது. நம் வெயிலுக்குக் கண்ணாடி வீடா, இந்த மோஸ்தர் ரெண்டு வருஷம் தாங்காது என்று டீக்கடையில் தீர்ப்பே எழுதினேன். 2025-ல் புது சியரா அதே ஜன்னலின் சாயலோடுதான் வந்தது. 1993-ல் வந்த மாருதி ஜென்னைக் கரைந்த சோப்பு என்றேன். நல்ல நிலையில் ஒரு ஜென் கிடைக்குமா என்று போன மாதம் புரோக்கரிடம் விசாரித்ததும் நானே.

வெறும் வாய்ப்பேச்சோடு நிற்காமல் கைக்காசையும் இறக்கினேன். டொயோட்டா அல்டெஸா 1998-ல் ஆரம்பித்துவைத்த மோஸ்தர் ஒன்று உண்டு: நிறமில்லாத கண்ணாடிக்குள் வட்ட வட்டமாகச் சிவப்பு விளக்கு. சம்பந்தமே இல்லாத என் சின்னக் காருக்கு அந்த டெயில் லேம்ப் வாங்கி மாட்டினேன். கடைக்காரர் சும்மா இருந்தாலும் நான் இருக்கவில்லை. ஸ்பாய்லர், ஹெட்லைட்டுக்குக் குரோம் இமை, கதவு நீளத்துக்குத் தீப்பிழம்பு ஸ்டிக்கர். சில வருஷத்தில் லேம்ப் மஞ்சளடித்தது, குரோம் உரிந்தது. டிங்கரிங் பட்டறைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் கழட்டிட்டா வண்டி நல்லாத்தான் சார் இருக்கு” என்றார். கழற்றினோம். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் வெளுக்காமல், தீப்பிழம்பு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

அடுத்து வாங்கியது டிக்கி வைத்த குட்டிக் கார். 2006 பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். நீளம் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அதற்காக டிக்கியை நறுக்கிச் சில கார்கள் வந்தன. முன்னாலிருந்து பார்த்தால் முழுக் கார். பக்கவாட்டில் பார்த்தால் யாரோ பாதியில் கூப்பிட்டுவிட்டதால் வரைந்தவர் எழுந்து போனது போலிருக்கும். மனைவி அப்படித்தான் சொன்னாள். “கச்சிதம்” என்று நான் சாதித்தேன். அந்தக் காரில் இருந்தது வரிச்சலுகையின் அழகு மட்டும்தான் என்று இப்போது தெரிகிறது.

இத்தனைக்கும் பிறகு ஒரு தத்துவம் பிடித்தேன்: கண்ணாடி, தூண், சக்கரம் இவற்றின் அளவு பொருந்தினால் கார் நிற்கும், அந்த வருஷத்து நாகரிகத்துக்காக ஒட்டவைத்தது உதிரும். நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஹெரால்டின் பின்பக்கம் ஞாபகம் வந்தது. அங்கே இரண்டு சின்ன இறக்கைகள் உண்டு. அந்தக் காலத்து நாகரிகம்தான், ஒரு உபயோகமும் கிடையாது. அவ்வளவு அழகு!

இப்போதெல்லாம் புதுக் கார்களில் பின்னால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே கோடாகச் சிவப்பு விளக்கு எரிகிறதே, எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. காலத்துக்கும் நிற்கும் என்றே தோன்றுகிறது. வாங்கப்போகிறவர்கள் இதையும் யோசித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.