சாத்தாங்காட்டில் ‘வாக்கிங்’: ஒரு சொல்லாய்வு

ஆய்வுச் சுருக்கம்

‘வாக்கிங்’ என்றால் நடத்தல் என்கின்றன அகராதிகள். அவற்றைத் தொகுத்தவர்களில் ஒருவர்கூட சாத்தாங்காட்டுப் பக்கம் நடந்து வந்ததில்லை என்பதை இக்கட்டுரை ஐயத்துக்கு இடமின்றி நிறுவும். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்துகொண்டே இருக்கும் இப்பகுதியில் ‘வாக்கிங் போகிறேன்’ என்று சொல்ல ஆள் கிடைப்பது அரிது. இம்முரண்பாடே ஆய்வுச் சிக்கல்.

1. ஆய்வுக் களம்

சாத்தாங்காடு திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே இருக்கிறது. சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலம். ஜார்ஜ் டவுன் சந்துகளில் இரும்பு வியாபாரமும் மாட்டுவண்டியும் லாரியும் மோதிக்கொண்டிருந்த காலம் போதும் என்று முடிவெடுத்து சி.எம்.டி.ஏ. அமைத்த இரும்பு எஃகுச் சந்தை இங்கேதான். கம்பி, ஆங்கிள், சேனல், பிளேட், காயில் எல்லாம் இங்கே டன் கணக்கில் நகரும். அவற்றை நகர்த்துகிற மனிதர் கால்நடையாக நகர்வார். இங்கே சாலை டிரெய்லருக்கு, ஓரம் நிற்கிற டிரெய்லருக்கு, மிச்சம் இருப்பது மனிதருக்கு என்பது எழுதப்படாத பாகப்பிரிவினை.

2. சொற்பிறப்பு

ஆங்கிலத்தின் ‘வாக்’ பழைய ஆங்கில ‘வெயல்கன்’ என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கு உருளுதல், புரளுதல் என்று பொருள். நடத்தல் என்ற பொருள் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்புதான் ஒட்டிக்கொண்டது. ஆக, அச்சொல்லின் ஆதிப்பொருளைக் கற்புடன் காத்து வருவோர் உலகில் இருவரே. ஒருவர், கோயில் பிராகாரத்தில் அங்கப்பிரதட்சணம் செய்கிற பக்தர். மற்றது, சங்கிலி சரியாகப் பூட்டாத டிரெய்லரில் ஏற்றப்பட்ட காயில். இரண்டாவது வாக்கிங் புறப்பட்டால் அந்தத் தெருவில் மற்ற யாரும் நடக்கக் கூடாது.

3. தமிழில் இடநெருக்கடி

‘நடை இருக்க வாக்கிங் ஏன்?’ என்று தமிழார்வலர் கேட்பது நியாயம். ஆனால் ‘நடை’ ஏற்கெனவே நிரம்பிவிட்ட வீடு. கோயிலில் அது சாத்தப்படுகிறது. எழுத்தாளரிடம் அது உரைநடை. மிருதங்க வித்வானிடம் திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என ஐந்தாகப் பிரிந்து கிடக்கிறது. ஒழுக்கம் கெட்டால் நடத்தை, அதிகாரி கோபப்பட்டால் நடவடிக்கை, வேண்டாத விருந்தாளிக்கு ‘நடையைக் கட்டு’. பட்டாவுக்கு மனு கொடுத்தவரோ ‘நடையாய் நடக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு பொருளையும் தீர்த்துவிடுகிறார். இத்தனை வேலைக்கு நடுவில் சர்க்கரைக்காக நடப்பதற்கும் அதே சொல்லை ஏவினால் அதற்கும் மூட்டுவலி வந்துவிடும். எனவே வாக்கிங் வாடகைக்கு வந்தது.

4. வரையறையும் மூன்று சோதனைகளும்

கள ஆய்வின்படி வாக்கிங்குக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. (அ) புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். (ஆ) போன இடத்தில் எந்த வேலையும் இருக்கக் கூடாது. (இ) நடக்காமலே இருக்க வசதி இருந்தும் நடந்திருக்க வேண்டும்.

முதல் சோதனை, சுந்தரர். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, மகிழ மரத்தடியில் ‘உன்னைப் பிரியேன்’ என்று சத்தியம் செய்தவர், திருவாரூர் வசந்த விழா நினைவு வந்ததும் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. நிபந்தனை (அ)வை மீறியதற்கு இதைவிடக் கடுமையான அபராதம் வரலாற்றில் இல்லை. வழியில் பூண்டிப் பக்கம் திருவெண்பாக்கத்தில் இறைவன் அவருக்கு ஊன்றுகோல் தந்தார் என்பது புராணம். ‘வாக்கிங் ஸ்டிக்’ பற்றி இவ்வட்டாரத்தின் மிகப் பழைய சான்று இதுவே.

இரண்டாம் சோதனை, வள்ளலார். சென்னை ஏழுகிணற்றில் வாழ்ந்த காலத்தில் திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே வந்து நடந்தே திரும்புவார். ஒரு வழிக்கே ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். (அ)வில் முழு மதிப்பெண். ஆனால் தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் பார்க்கும் வேலை இருந்ததால் (ஆ)வில் தோல்வி. வள்ளலார் ஒரு நாளும் வாக்கிங் போனவர் இல்லை என்று வருத்தத்துடன் தீர்ப்பளிக்கிறோம்.

மூன்றாம் சோதனை, டிரெய்லர் கிளீனர். இவரை அருகிலிருந்து கவனிக்க வேண்டும். எடைமேடைக்கு வண்டி ரிவர்ஸ் எடுக்கிறது. இவர் வண்டிக்குப் பின்னால், டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று, முகத்தை வண்டிப் பக்கம் வைத்தபடியே பின்னோக்கி நடக்கிறார். இடது கையால் பின்பக்கப் பலகையில் தட்டுகிறார், வலது கை காற்றில் வளைகிறது. ‘வரட்டும் வரட்டும், லெப்ட் ஒடி, இன்னும் ஒடி, ஆங், நில்லு!’ காலில் ரப்பர் செருப்பு. தரையில் வெட்டிப் போட்ட கம்பித் துண்டு. ஒன்றையும் திரும்பிப் பார்க்காமல் குதிகாலாலேயே தடவிக் கண்டுபிடித்து ஒதுங்குகிறார். புறப்பட்ட வண்டிக்கே திரும்புவதால் (அ) தேறுகிறது. (ஆ) தேறவில்லை. (இ) கேட்கவே வேண்டாம்.

5. கிளைச்சொற்கள்

‘வாக்கவுட்’ சட்டமன்றத்துக்கு உரியது. நாலு அடி நடந்தால் மறுநாள் பத்திரிகையில் வரும். ‘வாக்-இன் இண்டர்வியூ’வில் உள்ளே நடப்பது எளிது, வரிசைதான் நீளம். ‘வாக்மேன்’ என்ற சோனி கருவி 1979இல் பிறந்து செல்போனால் மறைந்தது. பர்ஸ் காலியானவர்களின் ‘நடராஜா சர்வீஸ்’ மட்டும் மாறவில்லை. தியாகராஜர் ஆளும் ஊரிலும் அந்த சர்வீஸ் தில்லைக்காரர் பெயரில்தான் ஓடுகிறது.

6. பத்தாயிரம் அடிக் கோட்பாடு

நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பது மருத்துவ சாஸ்திரம் என்று நம்பப்படுகிறது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, 1965இல் ஜப்பானியக் கடிகார நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவியின் பெயர் ‘மான்போ-கே’: பத்தாயிரம் அடி மானி. அந்த வியாபாரப் பெயர்தான் இன்று உலகின் மணிக்கட்டுகளில் துடிக்கிறது. சந்தையில் சுமை இறக்குகிறவருக்கு அந்தப் பட்டையைக் கட்டிவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ‘வாழ்த்துகள்’ என்று அதிர்ந்துவிடும். அவர் அதை மிஸ்டு கால் என்று நினைத்து எடுப்பார்.

‘நல்ல காற்றில் நடங்கள்’ என்கிற மருத்துவர் குறிப்பும் இங்கே சிக்கலுக்கு உரியது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட, கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் பக்கத்து மணலியும் உண்டு. ஆழமாக மூச்சை இழுப்பதா விடுவதா என்பதை அன்றன்றைய காற்றின் திசை தீர்மானிக்கும்.

7. களச் சான்று

ஷூ மாட்டிக்கொண்டு திருவொற்றியூர்த் தேரடியிலிருந்து நடந்து வந்த ஒருவருக்கும் டீக்கடை மாஸ்டருக்கும் நிகழ்ந்தது:

‘இன்னா சார், நட்ந்தே வர்றீங்க? வண்டி பஞ்சரா?’

‘இல்லப்பா, வாக்கிங்.’

‘எங்க போணும்?’

‘எங்கயும் இல்ல. திரும்பத் தேரடிக்கே போயிடுவேன்.’

‘அப்ப அங்கியே இருந்திருக்கலாமே சார்!’

மாஸ்டர் நிபந்தனை (அ)வையும் (ஆ)வையும் ஒரே மூச்சில் கண்டடைந்ததோடு, அவற்றின் அடிப்படைக் குறையையும் சுட்டிவிட்டார். பல்கலைக்கழகங்கள் கவனிக்க.

8. முடிவுரை

வாக்கிங் என்பது ஒரு செயலின் பெயரன்று, ஒரு வசதியின் பெயர். அந்த வசதியின் அளவும் தெரிந்ததே: தடையில்லாத நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டி. நடப்பவருக்கே முன்னுரிமை என்று 2014இல் கொள்கை வகுத்தது சென்னை மாநகராட்சி. நடைபாதை உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. சொல்லவேண்டியவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டதால் ஆய்வாளரின் பரிந்துரை ஒன்றே ஒன்று: டிரெய்லர் ஏறி நிற்க முடியாத உயரத்தில் ஒரு பிளாட்பாரம் போடுங்கள். சாத்தாங்காட்டுக்காரர்களுக்கு நடக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை.