கால் ஊன்றல் இலக்கணம்: பந்தலூர் வட்டாரத்து முதல் பைக் குறித்து ஓர் ஆய்வு

கல்வெட்டில் விழுந்த காக்கை எச்சத்துக்கே மூன்று நாள் கருத்தரங்கு (மதியச் சாப்பாடு உண்டு) நடக்கிற நாட்டில், பந்தலூர்க்காரர் முதன்முதலாக பைக் வாங்குவது பற்றி இதுவரை ஓர் அமர்வுகூட நடக்கவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

முதற்பொருள்: மலைச்சரிவும் தென்மேற்குப் பருவமழையும். கருப்பொருள்: யானை, அட்டை, கொளுந்து மூட்டை, குண்டும் குழியும். உரிப்பொருள்: அப்பாவிடம் பணம் கேட்டலும் கேட்டல் நிமித்தமும். இதை விரித்தால் கட்டுரை அழுகையில் முடியும்.

நிறம்: கறுப்பு. மைலேஜ்: விற்பவர் சொல்வதில் பத்தைக் கழிக்க. பதிவெண் டி.என். 43-இல் தொடங்கும், மிச்சம் கூட்டுத்தொகை பார்ப்பவர் பாடு. ஹெல்மெட்: ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது. தாடைப் பட்டை மாட்டாவிட்டால் அது தலைப்பாகை.

இனி எடை. ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ. இருக்கை உயரம் முறையே 785, 805 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டர் என்பது ஒரு செருப்பின் தடிமன். ஆனால் 83 கிலோ என்பது ஒரு முழுச் சித்தப்பா. சரிவில் சாய்ந்த வண்டியைத் தூக்கும்போது அவரையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். ஆகவே, “ரெண்டு காலும் தரையில ஊனுற வண்டியா வாங்கு” என்பது மரபு (டீக்கடை பெஞ்சு, வடக்கு ஓரம், காலை ஆறரை).

எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து, ஆறு மாதத்துக்குள் எட்டுப் போட வேண்டும். இங்கேதான் ஆய்வுலகம் பிளவுபடுகிறது. எந்த எட்டு? தமிழ் எண்களில் எட்டு என்பது ௮. அகரத்தின் அச்சு அசல். தமிழ்நாட்டில் போடும் எட்டு இதுவாகத்தான் இருக்க முடியும் என்பது முதல் அணி (அதே பெஞ்சு, மழை விட்டபின், வடை வருமுன்). அகரத்தை ஓட்டினால் சுழித்து, வயிற்றைச் சுற்றி, கடைசியில் நேரே கீழிறங்கித் தேயிலைக்குள் போய்விடுவோமே என்பது இரண்டாம் அணி. நம்ம ரோடே அப்படித்தானே என்றது முதல் அணி (வாய்மொழிச் சான்று, பஸ் வந்ததால் சொன்னவர் பாதியில் எழுந்து போய்விட்டார், மீதியை அவர் வைத்துப்போன கிளாஸின் சாய்வைக் கொண்டு ஊகித்தேன், மறுபார்வைக்குப் போனபோது கிளாஸ் கழுவப்பட்டிருந்தது). மூன்றாமவர் ஒருவர், எட்டுப் போடுவது சக்கரத்துக்கும் முந்திய கலை என்று நிறுவி, அதன் காலத்தை இரண்டாயிரம் ஆண்டு பின்னுக்குத் தள்ளினார். நம் அறிஞர்களுக்கு வண்டி தள்ள வராது. காலத்தைத் தள்ள நன்றாக வரும்.

பிரேக் இன்ஸ்பெக்டருக்கு இவை எதுவும் எட்டவில்லை. ஒரே சூத்திரம் சொன்னார்: “கால் ஊனினா ஃபெயில்.”

வாங்கும்போது ஊன்ற வேண்டும், தேர்வில் ஊன்றக் கூடாது. இம்முரணை எந்த உரையாசிரியரும் தீர்த்துவைக்காததால் நானே கள ஆய்வில் இறங்கினேன். இறங்கினேன் என்பது நேர்ப்பொருளில். ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலைக்காரர் பாடம். நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது பெஞ்சின் பாடபேதம். நான் பாடபேதத்தை எடுத்துக்கொண்டேன். ஜூலை மாதம், தேவாலாப் பக்கம், நசநசவென்று தூறல். கியர் இல்லாததால் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கவில்லை. வேலை முழுக்க பிரேக்கின் தலையில். ஈரத் தாரில் அதற்கு வேறு கருத்து இருந்தது. எப்படியோ வளைவின் ஓரத்தில் வண்டி நின்றது. வலது கால் பிரேக்கில். இடது காலை ஊன்றினேன். தரை இல்லை, ஓடை இருந்தது. 785 என்று அச்சிட்டவர் சமதளத்தில் நின்று அளந்திருக்கிறார்.

கொளுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா முதுகுச் சாக்கை இறக்காமலே எட்டிப் பார்த்தார்.

“வண்டி கெடக்கட்டும் தம்பி. மொதல்ல சாக்ஸப் பாருங்க.”

இறக்கிப் பார்த்து, அட்டைகளை எண்ணினேன். எட்டு.