பல்லாவரம் மலை எரிமலையா?

கேள்வி: பல்லாவரம் மலை அணைந்துபோன எரிமலையா?
– வாசகர், கிழக்குத் தாம்பரம்

பதில்: இல்லை. எரிமலைக் குழம்பு வெளியே வந்து சட்டென ஆறினால், பொடிமணிகள் கொண்ட பசால்ட் பாறை ஆகும். பல்லாவரத்துப் பாறைக்கு அவசரமே கிடையாது. பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டில் நிதானமாக உருவானது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். உடைந்த முகத்தில் நீலச் சாம்பல் நிறம், எண்ணெய் தடவினாற்போல மினுமினுப்பு, கண்ணுக்குத் தெரியும் படிகங்கள். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே இனம் என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, 'சார்னக்கைட்' என்று பெயர் வைத்தார். கல் நம்மூருடையது, பேர் கொல்கத்தாக்காரருக்கு! மாக்மாவே இறுகியதா, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியதா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். பரங்கிமலையில் இந்தப் பாறை தேசிய புவியியல் நினைவுச்சின்னம். பாறையை உடைத்து ஜல்லியாக்கியது போதும், மிச்சத்தைக் காப்பாற்றுவோம்.