பாரபட்சமில்லாத பந்தி

பாரபட்சம் பார்க்காத புரவலர் என்றால் அது பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம்தான். 2021 முதல் 2027 வரை ஆராய்ச்சிக்கென்று தொடக்கத்தில் 95.5 பில்லியன் யூரோ ஒதுக்கியது. ஹொரைசன் ஐரோப்பா என்று பெயர். பாரிஸின் பெரிய பல்கலைக்கழகம் கேட்டாலும் சரி, அட்லாண்டிக்கின் நடுவே அசோரஸ் தீவுகளில் ஓர்த்தா ஊரின் கடலாய்வு நிலையம் கேட்டாலும் சரி, ஒரே படிவம், ஒரே பக்க வரம்பு, ஒரே கெடு. ஆனைக்கும் அணிலுக்கும் ஒரே அளவு இலை!

கெடுவிலும்தான் எத்தனை கருணை! பிரஸ்ஸல்ஸில் மாலை 5 மணி என்றால் ஓர்த்தாவில் பிற்பகல் 3தான். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் கரைக்கு வந்து, எதிர்த் தீவில் 2,351 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் பிக்கோ மலையை ஆற அமரப் பார்க்கலாம். பாரிஸ்காரருக்கு இந்தப் பாக்கியம் ஏது? பாவம், அவருக்கு விண்ணப்பம் எழுதவே தனி அலுவலகம் வைத்துக் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். தீவுக்காரரோ காலையில் மீனை அளந்து, மாலையில் பட்ஜெட் அட்டவணை போட்டு, இரவில் 'சமூகத் தாக்கம்' என்ற தலைப்பில் கட்டுரை வரைந்து சகலகலா வல்லவராகிறார். அவர் இப்படி மேசையில் மூழ்கியிருக்கும் மாதங்களில் கடலில் மூழ்க ஆளில்லை என்று கவலைப்பட வேண்டாம். தென்மேற்கே 1,700 மீட்டர் ஆழத்திலுள்ள லக்கி ஸ்ட்ரைக் வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்துக்கொள்ளப் பெருநிலத்திலிருந்து பெரிய கப்பல் வரும். துறைமுகத்தில் நின்று கையசைக்கலாம்.

கூட்டாளி விதி இன்னும் அழகு. பெரும்பாலான கூட்டுத் திட்டங்களுக்கு மூன்று நாடுகளிலிருந்து மூன்று நிறுவனங்களாவது சேர வேண்டும். நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு மடகாஸ்கரும் மொரீஷியஸும்தான் அண்டை வீடு. ஆனால் இரண்டும் ஐரோப்பா இல்லையே! சற்றுத் தள்ளி மயோட் இருக்கிறது. அதுவும் பிரான்ஸ், ஆகவே இரண்டும் சேர்ந்து ஒரே நாடு. பக்கத்து வீட்டோடு ஒட்டிக்கொண்டு கிணற்றுத் தவளையாகிவிடாமல், இந்தியப் பெருங்கடலின் பவளப்பாறைக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கூட்டாளி தேட வைக்கிறார்களே, அதுவல்லவா தொலைநோக்கு!

2014 முதல் 2020 வரை நடந்த முந்தைய திட்டத்தில், ஆராய்ச்சியில் பின்தங்கியோரைக் கைதூக்கிவிடத் தனிப் பிரிவு இருந்தது. தகுதியை நாடு நாடாகப் பார்த்தார்கள். பிரான்ஸ் முன்னேறிய நாடு. ஆகவே ரீயூனியனும் ஓர் இரவில் முன்னேறிவிட்டது. ஒரு யூரோ செலவில்லாமல். 2021இல்தான் அதற்கும் தகுதி தந்து பழைய வறுமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கும் முன்பு, 2007 தொடங்கிய திட்டத்தில், இத்தகைய பகுதிகள் போட்டியிடும் வலிமை பெறவே ஓர் உதவி இருந்தது. அந்த உதவியைப் பெறவும் ஒரு போட்டி. அதில் ஜெயித்தவர்களுக்கு, போட்டியில் ஜெயிக்கத் தேவையான வலு கொடுக்கப்பட்டது.

தோற்றவர்களையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. சில பிரிவுகளில், தரத்தில் தேறியும் பணம் போதாமல் விடுபட்டவர்களுக்கு 2015 முதல் 'சிறப்பு முத்திரை' என்று ஒரு சான்றிதழ் உண்டு. 'இவர் சாப்பிடத் தகுந்தவர். வேறு யாராவது சோறு போடுங்கள்' என்பது அதன் சாரம். மின்னணுச் சான்றிதழ் என்பதால் உப்புக்காற்றில் துருப்பிடிக்காது. கரையில் கட்டிக் கிடக்கும் ஆய்வுப் படகின் எஞ்சின்தான் துருப்பிடிக்கும்.