தம்பானூர் லாட்ஜியல்: ஒரு முன்னாய்வு

சத்திரத்துக்குத் தமிழில் கல்வெட்டு உண்டு, செப்பேடு உண்டு. லாட்ஜுக்கு ஒழுங்கான ரசீதுகூடக் கிடையாது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புக் கிடைக்காமல் அலைகிற இத்தனை பேர் இருந்தும், மலிவு விலையில் ஒரு கட்டிலும் ஒரு மின்விசிறியும் தருகிற இந்தப் பெரும் நிறுவனத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கவே பல டிசம்பர் மாதங்களில் முதுகில் பையோடு திருவனந்தபுரம் தம்பானூரில் கள ஆய்வு செய்தேன். எந்தப் பல்கலைக்கழகமும் இதற்கு நிதி தரவில்லை. தந்திருந்தால் நல்ல ஹோட்டலில் தங்கியிருப்பேன், ஆய்வு கெட்டிருக்கும்.

முதலில் களம். ரயிலை விட்டிறங்கி வெளியே வந்தால் எதிரே ‘ஆனவண்டி’ பஸ்கள் நிற்கிற கேஎஸ்ஆர்டிசி பஸ் நிலையம். அதைச் சுற்றியும், அங்கிருந்து கிளம்புகிற மாஞ்ஞாலிக்குளம் ரோட்டிலும் லாட்ஜுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ‘ஹோட்டல்’ என்று பலகை இருந்தால் அவசரப்பட்டு உள்ளே போய்ப் பையை இறக்கிவிடக் கூடாது. அங்கே புரோட்டாதான் கிடைக்கும். கட்டில் வேண்டுமென்றால் லாட்ஜ், டூரிஸ்ட் ஹோம், ரெசிடென்சி என்று எழுதியிருக்க வேண்டும். மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், ரெசிடென்சியில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் கடிகாரம் இருக்கும், சில சமயம் ஓடவும் செய்யும்.

இனி முன்னோர் மொழி. 14-ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையோரமாகப் பயணம் போன இபின் பதூதா, வழிநெடுக அரை மைலுக்கு ஒரு மரவீடு இருந்ததையும், அதில் வழிப்போக்கர் உட்காரத் திண்ணையும் பக்கத்தில் கிணறும் தண்ணீர் தர ஓர் ஆளும் இருந்ததையும் குறித்து வைத்திருக்கிறார். இதைக் கேரளத்தின் முதல் லாட்ஜ் விமர்சனம் என்று கொள்ளலாம். அதற்கு முன்பே புகாரில் உலகவறவி என்ற பொது அம்பலத்தில்தான் மணிமேகலை அமுதசுரபியோடு போய் நின்றாள். தங்க இடமும் சாப்பாடும் சேர்ந்து இலவசம். அதற்கப்புறம் இந்தத் துறை விலையில் ஏறியிருக்கிறதே தவிர வசதியில் ஏறியதாகச் சொல்ல முடியாது.

முதுகுப்பையர் என்ற இனம் இந்தப் பக்கம் வந்தது 1970களில். ‘லோன்லி பிளானட்’ நிறுவனத்தார் ஆசியாவைச் சல்லிசாகக் கடப்பது எப்படி என்று முதல் புத்தகம் போட்டது 1973-இல். கோவளத்தில் குன்றின் மேல் சார்லஸ் கொரியா வரைந்து கொடுத்த அரசு ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், கீழே மணலில் ஹிப்பிகள் படுத்திருந்தார்கள். நட்சத்திர ஹோட்டலும் நட்சத்திரங்களும் ஒரே கடற்கரையில் என்றால் வாடகையைப் பார்த்து முடிவெடுப்பதுதானே மனித இயல்பு.

ஆனால் தம்பானூருக்கு வெள்ளைக்கார முதுகுப்பையர் அதிகம் வருவதில்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் படிவம் நிரப்பி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பயந்து பல சிறிய லாட்ஜுகளில் பாஸ்போர்ட்டைக் கண்டதும் அறைகள் எல்லாம் ஒரே விநாடியில் நிரம்பிவிடுகின்றன. எனவே இங்கே பையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெரும்பான்மையினர் நம்மாட்கள். ஐயப்பன் சீசனில் கறுப்பு வேட்டி, கல்ஃப் விமானத்துக்கு முந்தின நாள் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, அரசு வேலைக்கான பிஎஸ்சி பரீட்சைக்கு முந்தின நாள் ரேங்க் ஃபைல் என்கிற வழிகாட்டி.

இன்னொரு பை உண்டு. எக்ஸ்ரே போட்டு வைக்கிற பெரிய காகித உறை. மண்டல புற்றுநோய் மையத்துக்கும் ஸ்ரீசித்திரை மருத்துவமனைக்கும் நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருகிறவர்கள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார்கள். மெடிக்கல் காலேஜ் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் இரவு பதினொரு மணிக்கு வராந்தாக் குழாயில் ஒருவர் எவர்சில்வர் தூக்குச்சட்டியை மூன்று தடவை கழுவினார். முதல் தடவையிலேயே அது சுத்தமாகிவிட்டது. அந்த வட்டாரம் இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

திரும்பவும் தம்பானூர். எனது இனம் டிசம்பரில் வருவது. 1996-இல் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்காகச் சென்னையிலிருந்து அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறும் உதவி இயக்குநர்கள், உதவி இயக்குநராக இருந்து ஓய்ந்தவர்கள், கவிஞர்கள், கவிஞர்களின் நண்பர்கள். கைரளி, ஸ்ரீ, நிளா மூன்று தியேட்டரும் ஒரே வளாகத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தம்பானூரே இவர்களின் தலைநகரம். இரண்டு பேர் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு ஐந்து பேர் படுப்பது மரபு. இதில் ஒருவர் ஈரானியப் படங்களில் நிபுணராக இருப்பார், குறட்டையும் அவரே விடுவார்.

அறையின் அமைப்புக்கு வருவோம். இதற்கு ஒரு நூற்பா யாத்திருக்கிறேன்:

வாடகை சுருங்கின் வாளியும் சுருங்கும்;
வாளி சுருங்கினும் விருந்தினர் சுருங்கார்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், அறை வாடகைக்கும் குளியலறை வாளிக்கும் உள்ள இயைபு உணர்த்துதல் நுதலிற்று. வாளி என்றது உபலட்சணம். துண்டும் சோப்பும் தலையணையும் கொள்ளப்படும். சோப்பு மட்டும் ஒரு கட்டத்துக்கு மேல் சுருங்க முடியாமல் மறைந்துவிடும் என்க.

அறையின் வயதைக் கணிப்பது தொல்லியலார் வேலை. அலமாரித் தட்டில் விரித்த மாத்ருபூமியின் தேதியைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அது தப்பு. மேல் தாளைத் தூக்கினால் அடியில் இன்னொன்று, அதற்கடியில் மனோரமா, அதற்கும் அடியில் மஞ்சளேறிப் பொடியாகிற ஒன்று. எண்ணெய்க் கறை மட்டும் எல்லா அடுக்குகளையும் ஊடுருவி இறங்கியிருந்தது. கண்ணாடியே நம்பத்தக்க சான்று. முகம் பார்க்கும் கண்ணாடியின் வலது ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருக்கும். மெரூன் வட்டம், கறுப்புக் கோடு, கல் வைத்தது ஒன்று. ராத்திரி முகம் கழுவும்போது எடுத்து ஒட்டிவிட்டுக் காலையில் பஸ் பிடிக்கிற அவசரத்தில் மறந்து போனவை. ஓர் அறையில் ஏழு எண்ணினேன். ஐந்து ஆண்கள் படுத்த அறையில் அந்த ஏழு பொட்டும் ஒரே உயரத்தில் ஒட்டியிருந்தது ஆய்வாளனுக்கு வியப்பு. ஊரெல்லாம் பெண்கள் ஒரே உயரமா, அல்லது முதல் பொட்டைப் பார்த்தே மற்றவர்களும் ஒட்டினார்களா என்பது மேலாய்வுக்குரியது.

அப்புறம் அந்தப் பூட்டிய அலமாரி. பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளை 2011-இல் திறந்தபோது குவியல் குவியலாகப் பொன் வெளிவந்ததும், பி என்று பேரிட்ட அறையை மட்டும் திறக்காமல் விட்டதும் உலகம் அறிந்தது. அதே கோயிலிலிருந்து 15 நிமிட நடையில் நான் தங்கிய ஒவ்வோர் அறையிலும் திறக்கப்படாத ஓர் அலமாரிக் கதவு இருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் வரவேற்பில் இருந்தவர் கையை மேலே காட்டினார். முதலாளியைக் காட்டினாரா பெருமாளைக் காட்டினாரா தெரியவில்லை.

மொழிச் சிக்கல் ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். குளிக்கலாம் என்று “சூடுவெள்ளம்” கேட்டேன். பையன் தலையாட்டிவிட்டுப் போய், பத்து நிமிடத்தில் ஒரு ஸ்டீல் ஜக் நிறைய ரோஸ் நிறத்தில் ஆவி பறக்கிற தண்ணீர் கொண்டுவந்தான். பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சியது. குடிக்கிற தண்ணீர். “குளிக்க” என்று சைகை காட்டினேன். அவன் ஜக்கைப் பார்த்தான், என் உடம்பின் பரப்பளவைப் பார்த்தான், “இன்னும் ஒண்ணு கொண்டுவரட்டா அண்ணா?” என்றான். கேரளத்தில் பல ஊர்களில் சேட்டன் ஆகிற நாம் திருவனந்தபுரத்தில் அண்ணனாகவே இருக்கிறோம் என்பது நாஞ்சில் நாட்டோடு இந்த ஊருக்குள்ள ரத்த உறவுக்குச் சான்று.

மலிவில் உச்சம் எது என்ற வினாவும் உண்டு. 2020-இல் மூணாறில் பழைய பஸ்களுக்குள் கட்டில் போட்டு ஓர் இரவுக்கு 100 ரூபாய் என்று கேஎஸ்ஆர்டிசி விட்டது. ஓடாத பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிய பெருமை அப்படி நமக்குக் கிடைத்தது. ஆனால் திருவனந்தபுரம் இதையும் மிஞ்சும். ஆற்றுகால் பகவதிக்குப் பெண்கள் பொங்கல் வைக்கும் பொங்காலைக்கு முந்தின இரவு தம்பானூர் முழுக்க அவர்கள் தெருவிலேயே படுக்கிறார்கள். 2009-இல் கின்னஸ் கணக்குப்படி 25 லட்சம் பேர் கூடினார்கள். முன்பதிவு முறை எளிமையானது: அடுப்புக்கு மூன்று செங்கல். நடைபாதையில் செங்கல்லை வைத்துச் சாக்பீஸால் பேர் எழுதிவிட்டால் இடம் உங்களுடையது. ஆதார் நகல் கேட்பதில்லை. செக்-அவுட் முடிந்ததும் மாநகராட்சி அந்தச் செங்கற்களைப் பொறுக்கிக்கொண்டுபோய் வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது. எந்த லாட்ஜ் இப்படிச் செய்யும்?

இரண்டாம் இயல், இரவு. இரவு வாழ்க்கை என்று இப்போது சொல்கிறார்கள். இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்று சங்கத் தமிழில் ஒரு சொல் சும்மா கிடக்கிறது. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் சாமம் சாமமாக மதுரையின் இரவைச் சொல்லிக்கொண்டு போகிறார், கள்வர்கள் உட்பட. அந்த முறையில் தம்பானூரையும் ஆராயலாமே என்று உட்கார்ந்தால், ஒன்பதரைக்கே கடைகள் கதவை இழுக்க ஆரம்பித்துவிடுகின்றன.

மது விஷயத்தில் இந்த ஊரை நம்பிப் பையைத் தூக்கக் கூடாது. மாதத்தின் முதல் தேதி உலர்நாள். 2014-இல் ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழ்ப்பட்ட பார்களில் பியரும் வைனும் மட்டும் என்றாக்கி, 2017-இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அரசு மதுக்கடை வரிசையில் மலையாளி காட்டுகிற ஒழுங்கைப் பற்றித் தனி நூலே எழுதலாம். நான் நின்ற வரிசையில் முன்னால் இருந்தவர் பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தை முழுதும் படித்து முடித்தார்.

2023-இல் மானவீயம் வீதியைப் புதுப்பித்து இரவு வாழ்க்கைக்கென்றே திறந்தார்கள். பாட்டு, கூட்டம், வெளிச்சம். சில வாரங்களில் அடிதடி, பிறகு போலீஸ். ஒரு நகரத்துக்கு இரவு வாழ்க்கை வந்துவிட்டது என்பதற்கு இதைவிட உறுதியான ஆதாரம் வேண்டியதில்லை. திரைப்பட விழாக்காலத்தில் கனகக்குன்று நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் நள்ளிரவுப் பேய்ப்படம் போட்டதும் உண்டு. நிசாகந்தி என்பது இரவில் மட்டும் பூக்கிற பூவின் பெயர். பேய்ப்படத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தோள்பையைத் தலைக்கு வைத்து அங்கேயே தூங்கினார்கள். லாட்ஜைவிடக் காற்று நன்றாக வந்தது.

பசிக்குத் தட்டுகடை. பெட்ரோமாக்ஸ் போய் எல்இடி வந்தாலும் தட்டுதோசை, ரசவடை, ஆம்லெட், கட்டன் சாயா மாறவில்லை. எலுமிச்சை ஜூஸுக்குப் போஞ்சி என்று பேர் வைத்த ஊர் இது ஒன்றுதான். பகலில் என்றால் பஸ் நிலையத்தை ஒட்டி லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ், செங்கல் நிறத்தில் சுருண்டு ஏறுகிற கோபுரம். 1958-இல் ஏ.கே. கோபாலன் முன்னின்று தொழிலாளர்களை வைத்துக் கேரளத்தில் தொடங்கிய கூட்டுறவின் வாரிசு. விசிறித் தலைப்பாகைக்காரர் சரிவான தளத்தில் காபி சிந்தாமல் ஏறுவார். மசாலா தோசையைப் பிரித்தால் உள்ளே பீட்ரூட். முதல் தடவை வருகிற தமிழன் அதைக் கண்டு காயமோ என்று பயப்படுவான்.

சரி, பத்தரை ஆனால் அடங்கிவிடுகிற இந்த ஊருக்கு இரவு வாழ்க்கை இல்லையென்று முடிவு கட்டலாமா? நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். பிழை என்னுடையது: தப்பான பக்கத்திலிருந்து இரவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரின் தெய்வமே படுத்திருக்கிறார். 18 அடி நீளம், பார்க்க மூன்று வாசல் வேண்டும். (லாட்ஜில் ஒரே கதவு, அதுவும் கட்டிலில் இடிக்கும்.) நீல பத்மநாபன் தன் நாவலுக்குப் ‘பள்ளிகொண்டபுரம்’ என்று பேர் வைத்தது சும்மாவா? தெய்வம் உறங்குகிற நேரத்தில் ஊர் சத்தம் போடாது. அவரைப் பார்க்கிற நேரமோ விடியற்காலை மூன்றரை. நிர்மால்ய தரிசனம்.

மூன்றரைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். கிழக்கேகோட்டையில் சட்டையைக் கழற்றிக் கையில் மடித்து, வாடகை வேட்டியை இடுப்பில் செருகத் தெரியாமல் ஓட்டமும் நடையுமாக ஒரு கூட்டம். தெருவோரத்தில் பத்திரிகைக் கட்டுகளைப் பிரிக்கிறார்கள். கோயில் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி என்ற கடிகாரத்தில் தாடிக்காரரின் கன்னத்தில் இரண்டு ஆட்டுக்கடாக்களும் மணிக்கொரு முறை முட்டிக்கொண்டிருக்கின்றன. சாலைத் தெருவில் தமிழ்நாட்டு லாரிகளிலிருந்து காய்கறி மூட்டைகள் இறங்குகின்றன. ஆ. மாதவன் கதைகளில் வருகிற சுமட்டுக்காரர்களின் பேரன்மார் தலைச்சும்மாட்டோடு “வழி, வழி” என்று வருகிறார்கள். டீ ஆற்றுகிற சத்தம். மாங்குடி மருதனார் பாடிய அல்லங்காடி இதுதான்.

ஐந்து மணிக்கு லாட்ஜுக்குத் திரும்பினேன். கிரில் கதவு பூட்டியிருந்தது. உள்ளே பெஞ்சில் படுத்திருந்த மார்த்தாண்டத்துக்காரர் எழுந்து, கண்ணைக் கசக்கி, சாவிக்கொத்தில் துழாவிக்கொண்டே கம்பிக்கு உள்ளிருந்து கேட்டார்: “இப்பந்தான் வாறியளா, இல்ல இப்பந்தான் போறியளா?”